கேட்டதெல்லாம் கொடுத்தார்கள்

அத்தியாயம் 14

போன வாரம் நம் மேடத்தை மருத்துவமனையின் கார் நிறுத்துமிடத்தில் அழ விட்டுவிட்டு நான் பாட்டுக்குப் போய்விட்டேன். பாவம், அவளை ஏன் அழ வைத்தீர்கள் என்று எத்தனை பேர் என்னைப் பிடித்து உலுக்கிவிட்டீர்கள். அது சந்தோஷ அழுகை சாமி. நாற்பத்தாறு வயதுக்காரியிடம், "உங்களுக்கு ஆட்டிசம் இருக்கிறது, பிறந்ததிலிருந்தே இருக்கிறது" என்று ஒரு டாக்டர் காகிதத்தில் எழுதிக் கொடுத்தால் அவள் வேறு என்ன செய்வாள்? திமிர் பிடித்தவள், கல்நெஞ்சக்காரி, முகத்தைப் பார்த்துப் பேசத் தெரியாதவள் என்று அதுவரை வாங்கிய பட்டமெல்லாம் ஒரே நாளில் கழன்று விழுந்தது. அந்த நிம்மதியில்தான் அழுதாள்.

இந்த வாரம் அப்படி இல்லை. என் கையில் நல்ல செய்தி ஒன்றும் கிடையாது. முன்னாலேயே சொல்லிவிடுகிறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது.

புதிதாகச் சேர்ந்துகொண்டவர்களுக்கு ஒரு வார்த்தை. மேடம் ஒரு பெரிய ரத்தப் பரிசோதனைக்கூடத்தின் தலைவி. அவளுக்குக் கீழே முப்பத்துநாலு பேர், அவர்களை நடத்த நாலு ஷிஃப்ட் லீடர்கள். அந்த நாலு பேரையும் பொறுக்கியெடுத்து, தட்டிக்கொட்டி ஆளாக்கியவள் அவள்தான். அவள் பயிற்சி கொடுக்கிற விதமே தனி. எதிரெதிரே உட்கார வைத்துப் பேச மாட்டாள். ரத்த மாதிரிகள் வந்து இறங்கும் ஜன்னலிலிருந்து குளிர் அறை வரைக்கும் ஒரு நீண்ட நடைபாதை இருக்கிறது. செவ்வாய்க்கிழமை ஆனால் ஒவ்வொரு லீடரோடும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் ஒரு மணி நேரம் நடப்பாள். நடந்தால் யாரும் யார் கண்ணையும் பார்க்க வேண்டியதில்லை. பேச்சு தானாக வரும். அந்த நடையில் தேறியவர்கள் இன்று வேறு ஊர்களில் பெரிய பெரிய கூடங்களை நடத்துகிறார்கள்.

இது ஊருக்குத் தெரிந்த மேடம். வீட்டு மேடம் வேறு. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாகத் தினமும் காலை ஆறரை மணிக்குச் சாப்பாட்டு மேசையில் ஒத்திகை நடக்கும். அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் பழுது பார்ப்பவர். ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டே அவர் இயக்குநராக மாறுவார். முட்டையை உரித்துக்கொண்டே லீவு கேட்கும் ஊழியராக மாறுவார். "இப்ப நான் அழறேன், நீ என்ன சொல்லுவ?" என்பார். அவள் சொல்லிப் பார்ப்பாள். "ம்ஹூம், அது காரணம் கேக்குற மாதிரி இருக்கு. முதல்ல ஒரு நிமிஷம் சும்மா இரு" என்பார். அவள் அதைக் குறித்துக்கொள்வாள். அந்தத் தைரியத்தில்தான் இத்தனை வருஷம் வாசற்படி தாண்டினாள்.

டாக்டர் காகிதம் வந்த அன்றே மேடம் ஒத்திகைக்குத் தடை போட்டாள். "இனிமே நான் நானாவே போறேன்" என்றாள்.

செவ்வாய்க்கிழமை காலை மேசையில் மூன்று பேர். ரொட்டி, முட்டை, டீ.

"இன்னிக்கு என்ன பேசப் போறேன்னு கொஞ்சம்கூட சொல்ல மாட்டியா?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

"பேச ஒண்ணும் இல்லைங்க. எல்லாம் எழுதிக் குடுத்தாச்சு. பதினோரு மணிக்கு இயக்குநர் பதில் சொல்றேன்னு சொல்லியிருக்கார்."

"அவர் ஏதாவது சுத்தி வளைச்சுக் கேட்டா?"

"சுத்தி வளைக்காம கேளுங்கன்னு நாலாவது வரியில எழுதியிருக்கேன்."

மகள் சிரித்துவிட்டாள். அவளுக்குப் பத்தொன்பது வயது, கல்லூரியில் கட்டட வரைபடம் படிக்கிறாள். அங்கே நாள் பூராவும் கலகலவென்று இருந்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் அறைக்குள் போய்ச் சுவரைப் பார்த்து ரெண்டு மணி நேரம் அசையாமல் படுத்துக்கிடப்பாள். கூப்பிட்டால் வர மாட்டாள். அப்பா அவளுக்கு வைத்த பெயர் "துரை." துரை எழுந்தாச்சா, துரை சாப்பிட்டாச்சா என்றுதான் வீட்டில் பேச்சு. அம்மாவின் அறிக்கையை அவள் ஒரே மூச்சில் படித்து முடித்து, "இதுல பாதி நான்" என்றாள். அதே டாக்டரிடம் தனக்கும் நாள் வாங்கினாள். நாள் வியாழக்கிழமை.

"அம்மா, சாயங்காலம் வந்து என்ன ஆச்சுன்னு சொல்லு. அதுக்கப்புறம் வியாழக்கிழமை போறதா வேணாமான்னு பாக்குறேன்" என்றாள்.

"அதுக்கும் இதுக்கும் என்னம்மா சம்பந்தம்?"

"வெளியில சொன்னா என்ன ஆகும்னு தெரியணும்ல?"

மேடத்துக்கு அது நியாயமான கேள்வியாகப் பட்டது. "சரி, சொல்றேன்" என்று பையை எடுத்தாள்.

எழுதிக் கொடுத்தது என்ன என்று சொல்ல வேண்டும். ஒரே பக்கம், பதினோரு வரிகள், "என்னோடு வேலை செய்கிறவர்களுக்கு" என்று தலைப்பு. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து அவளே எழுதியது. ஒரு எழுத்தை யாரும் மாற்றக்கூடாது என்று வீட்டில் கண்டிப்பாகச் சொல்லிவிட்டாள். வேலையை எழுத்தில் கொடுங்கள். கூட்டம் என்றால் ஒரு நாள் முன்னால் சொல்லுங்கள். என் மேசைக்கு மேலே ரீங்காரம் போடுகிற விளக்கை மாற்றுங்கள். ரத்தத்தைச் சுழற்றிப் பிரிக்கிற இயந்திரம் என் முதுகுக்குப் பின்னால் இருக்கிறது, அந்தச் சத்தத்தில் எனக்குப் பாதி நாள் தலை வெடிக்கிறது. நான் உங்கள் முகத்தைப் பார்க்காவிட்டால் கேட்கவில்லை என்று நினைக்காதீர்கள், பார்க்காதபோதுதான் நன்றாகக் கேட்கிறேன். பிறந்தநாள் கேக் வெட்டுகிற இடத்துக்கு என்னைக் கூப்பிடாதீர்கள், வாழ்த்து மனசில் இருக்கிறது. இப்படிப் பதினொன்று. படித்தால் உங்களுக்கே அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றும். கட்டிக்கொள்ள வேண்டாம் என்பது ஏழாவது வரி.

பதினோரு மணிக்கு இயக்குநர் எழுந்து நின்று வரவேற்றார். நல்ல மனுஷர். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு எழுத வசதியாக இருந்திருக்கும். அறையில் விளக்கை அணைத்து ஜன்னல் திரையை விலக்கி வைத்திருந்தார். மேடம் அதைக் கவனித்தாள். நெஞ்சு குளிர்ந்தது.

"நீங்க சொன்னபடியே எழுத்துலயே கொண்டு வந்திருக்கேன் மேடம். நிதானமா படிங்க" என்று ஒரு கடிதத்தை நீட்டினார்.

பதினோரு வரிகளும் அதில் இருந்தன. ஒவ்வொன்றின் பக்கத்திலும் "ஏற்கப்பட்டது" என்று இருந்தது. ஒன்றுகூட விடவில்லை. மூன்றாம் மாடியில் தனி அறை, மஞ்சள் விளக்கு, கனமான கதவு. மேடம் படித்துக்கொண்டே போனாள். கடைசிப் பத்தியில் கண் நின்றது. ஆட்களை நிர்வகிக்கும் பொறுப்பிலிருந்தும் பயிற்சிப் பொறுப்பிலிருந்தும் அவள் விடுவிக்கப்படுகிறாள். இனி பரிசோதனைத் தரத்தைக் காகிதத்தில் சரிபார்க்கிற தர ஆவணப் பிரிவு. அந்தப் பிரிவில் அவள் ஒருத்திதான். சம்பளத்தில் மாற்றமில்லை.

"என் ஷிஃப்ட் லீடருங்க?" என்று கேட்டாள்.

"காலை ஷிஃப்ட் பொண்ணு பாத்துக்குவா. நீங்க வளர்த்த பொண்ணுதானே."

"செவ்வாய்க்கிழமை நடை?"

"அந்தக் கஷ்டமும் இனிமே உங்களுக்கு இல்ல."

"அது கஷ்டம் இல்ல."

இயக்குநர் நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார். "மேடம், நீங்க எழுதினதை நாலு தடவை படிச்சேன். சத்தம் கஷ்டம், கூட்டம் கஷ்டம், யாராவது திடீர்னு வந்து நின்னா கஷ்டம், ஒருத்தர் மூஞ்சியைப் பாத்து மனசுல என்ன இருக்குன்னு கண்டுபிடிக்கறது கஷ்டம். இவ்வளவையும் பல்லைக் கடிச்சுக்கிட்டு எங்களுக்காகப் பத்து வருஷம் ஓட்டியிருக்கீங்க. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. தெரிஞ்சதுக்கு அப்புறமும் உங்களை அங்கேயே நிறுத்தினா நான் மனுஷனே இல்ல."

"எனக்கு ஆளுங்க வேணும்."

"அப்படி நீங்க எங்கேயும் எழுதலையே மேடம்."

மேடம் தன் காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். மேலிருந்து கீழ் வரை பார்த்தாள், மறுபடியும் பார்த்தாள். அவர் சொன்னது உண்மை. விளக்கைப் பற்றி எழுதியிருந்தாள், கேக்கைப் பற்றி எழுதியிருந்தாள். இந்த ஆட்களை நடத்துவதுதான் எனக்குத் தெரிந்த வேலை, அதில்தான் எனக்கு உயிர் இருக்கிறது, அதை இன்னும் நன்றாகச் செய்யத்தான் இதெல்லாம் கேட்கிறேன் என்று ஒரு வரி இல்லை. ஏன் எழுதவில்லை? எழுத வேண்டும் என்றே தோன்றவில்லை. எனக்கு மூச்சு விட வேண்டும் என்று யாராவது விண்ணப்பம் எழுதுவார்களா? தனக்குப் பளிச்சென்று தெரிவது எதிரே இருப்பவருக்கும் தெரியும் என்று நினைத்துவிட்டாள். அவள் ஆயுசு பூராவும் செய்துவருகிற தப்பு அது, டாக்டர் அறிக்கையில் மூன்றாம் பக்கத்திலேயே இருக்கிறது. இயக்குநரும் அச்சு அசலாக அதே தப்பைத்தான் செய்தார். அவருக்கு யாரும் அறிக்கை கொடுக்கவில்லை, அவ்வளவுதான்.

சொல்ல வேண்டியது மனசில் முழுசாக இருந்தது. வாய்க்கு வரவில்லை. ஒத்திகை பார்த்திருந்தால் இந்த இடத்துக்கு நாலு வாக்கியம் கைவசம் இருந்திருக்கும். வார்த்தை அடைத்துப்போனால் அவளுக்குத் தலை தானாக மேலும் கீழும் ஆடும், சின்ன வயசுப் பழக்கம். இப்போதும் ஆடியது.

"ரொம்ப நல்லது மேடம். நீங்க ஒத்துக்குவீங்கன்னு எனக்குத் தெரியும்" என்றார் இயக்குநர்.

வெளியே நடைபாதையில் காலை ஷிஃப்ட் லீடர் நின்றிருந்தாள். முப்பது வயதுப் பெண். ஆறு வருஷம் முன்னால் நாலு பேர் முன்னால் பேசச் சொன்னால் ஓடி ஒளிகிறவள். இன்று செவ்வாய், நடக்கிற நாள். இருவரும் நடக்க ஆரம்பித்தார்கள். கெட்ட செய்தியை எப்படிச் சொல்ல வேண்டும் என்று இதே பாதையில் மேடம் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறாள். விஷயத்தை முதல் வாக்கியத்திலேயே போடு, அப்புறம் காரணம், அப்புறம் அடுத்து என்ன, அதோடு வாயை மூடு.

குளிர் அறைக் கதவு நெருங்கியதும் அந்தப் பெண் தொண்டையைச் செருமினாள்.

"மேடம், இனிமே டீமை நான்தான் நடத்தப் போறேன். வெள்ளிக்கிழமை இயக்குநர் என்னைக் கூப்பிட்டுக் கேட்டார், நான் சரின்னு சொல்லிட்டேன். நாளையிலேருந்து எல்லாரும் என்கிட்ட ரிப்போர்ட் பண்ணுவாங்க."

வாயை மூடிக்கொண்டாள்.

"சரியா சொன்ன. ரெண்டாவது வாக்கியத்துல குரல் கொஞ்சம் உள்ள போயிடுச்சு. அதை மட்டும் பாத்துக்கோ" என்றாள் மேடம்.

அந்தப் பெண்ணுக்கு அழுகை பொங்கிவிட்டது. "திட்டுங்க மேடம். நாலு வார்த்தை திட்டிடுங்க."

"எதுக்கு?"

"வெள்ளிக்கிழமையே நான் உங்ககிட்ட சொல்லியிருக்கணும்."

"ஆமா. சொல்லியிருக்கணும்" என்றாள் மேடம். உண்மை அதுதான், வேறு எதைச் சொல்வது என்று அவளுக்குத் தெரியவில்லை.

இன்னொரு நடை போனார்கள். அந்தப் பெண் மூக்கைத் துடைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள். "நீங்க சொல்லாமலே இருந்திருக்கலாம் மேடம். எங்களுக்கு ஒண்ணும் வித்தியாசமாவே தெரியல. கொஞ்சம் கறாரான மேடம், அவ்வளவுதான்னு இருந்தோம். இப்ப உங்ககிட்ட எப்படி நடந்துக்கணும்னு ஆளாளுக்குப் பயப்படறாங்க. நேத்து லஞ்ச்ல ஒருத்தர், மேடம் முன்னாடி சிரிக்கலாமான்னு கேக்குறார்."

"சிரிக்கலாம்னு சொல்லு."

"சொல்றேன் மேடம்."

ஒரு மணி நேரம் முழுசாக நடக்கவில்லை. இருபது நிமிஷத்தில் யாரோ வந்து லீடரைக் கூப்பிட்டார்கள். முன்பெல்லாம் இந்த ஒரு மணி நேரத்தில் யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.

மூன்றாம் மாடி அறைக்கு அன்றைக்கே போய்விட்டாள். என்ன சொல்ல, குறை சொல்ல ஒன்றுமில்லாத அறை. விளக்கு சத்தம் போடவில்லை. கதவைச் சாத்தினால் தன் மூச்சு மட்டும்தான் கேட்டது. மேசையில் நாற்பது கோப்புகள், ஒவ்வொன்றிலும் என்ன செய்ய வேண்டும் என்று அழகாக எழுதிய சீட்டு. மத்தியானம் மூன்று மணிவாக்கில் ஒன்றைக் கவனித்தாள். தலைவலி போயிருந்தது. பத்து வருஷமாகக் கூடவே குடித்தனம் நடத்திய தலைவலி, போன சுவடே இல்லை. உடம்பு லேசாக இருந்தது. அந்தச் சுகத்தில்தான் அவளுக்குத் துக்கம் தாங்கவில்லை. உடம்புக்குப் பிடித்துப்போய்விட்டதே, இனி இது எனக்கு வேண்டாம் என்று எந்த முகத்தோடு போய்ச் சொல்வது என்று நினைத்து நினைத்து அழுதாள். போன வாரம் சொன்ன அழுகை இல்லை இது. கதவு கனம், யாருக்கும் கேட்கவில்லை.

தன்னைத் தெரிந்துகொண்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பியிருந்தாள். தெரிந்துகொண்டாள். அதை எடுத்துக்கொண்டு போய் எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

ஐந்தரை மணிக்கு வீடு. மகள் கூடத்திலேயே உட்கார்ந்திருந்தாள். சுவரைப் பார்க்கப் போகவில்லை.

"என்னம்மா ஆச்சு?"

மேடத்துக்குப் பொய் சொல்ல வராது. பூசி மெழுகவும் வராது. இயக்குநர் சொன்னது, லீடர் சொன்னது, அறை, தலைவலி எல்லாவற்றையும் வரிசையாகச் சொன்னாள். சிரிக்கலாமா என்று கேட்டவரையும் சொன்னாள். அதைச் சொல்லாமல் விட்டிருக்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. மகள் எல்லாம் கேட்கிறாள் என்றால் எல்லாம் சொல்ல வேண்டும் என்பது அம்மாவின் நியாயம்.

மகள் போனை எடுத்து ஏதோ தட்டினாள். "கேன்சல் பண்ணிட்டேன்" என்றாள்.

"டாக்டரையா? நீ உனக்காகப் போகணும்மா. யார்கிட்டயும் சொல்ல வேணாம். உனக்குத் தெரிஞ்சா போதும்."

"எனக்குத் தெரிஞ்சா அப்புறம் நடிக்க முடியாதும்மா. உனக்குத் தெரிஞ்சப்புறம் உன்னால முடிஞ்சுதா? ஒரு மாசம்கூடத் தாங்கல." மகள் எழுந்துகொண்டாள். குரலில் கோபம் இல்லை. "நான் நல்லா நடிக்கிறேன். காலேஜ்ல என்னைத்தான் எல்லாருக்கும் பிடிக்கும். ரெண்டு மணி நேரம் படுத்தா சரியாயிடுது. இப்படியே ஓட்டிக்கறேன்."

"எத்தனை வருஷம் ஓட்டுவ?"

"நீ நாப்பத்தாறு வருஷம் ஓட்டலையா?"

மகள் அறைக்குள் போய்விட்டாள்.

ஏழு மணிக்கு வீட்டுக்காரர் வந்தார். கையெல்லாம் கிரீஸ். மேசையில் தனியாக உட்கார்ந்திருந்தவளைப் பார்த்ததுமே விஷயம் புரிந்துவிட்டது அவருக்கு. கை கழுவிக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தார். அவள் மறுபடியும் முதலிலிருந்து சொன்னாள். மகள் டாக்டர் சந்திப்பை ரத்து செய்ததையும் சொன்னாள்.

"ஒத்திகை பாத்திருந்தா நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க. அந்த வரி இல்லைன்னு. நான்தான் வேணாம்னு சொன்னேன். என் தப்புதாங்க" என்றாள்.

அவர் விரல் இடுக்கில் ஒட்டியிருந்த கிரீஸைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"நான் பாத்தேன்" என்றார்.

"எதை?"

"அந்தப் பேப்பரை. நீ குடுக்கறதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமை, நீ குளிக்கப் போயிருந்தப்போ மேசை மேல கிடந்துச்சு."

"பதினொண்ணையும் படிச்சீங்களா?"

"படிச்சேன். ஆளுங்களைப் பத்தி ஒரு வார்த்தை இல்லையேன்னு அப்பவே பட்டுச்சு. இதை இப்படியே குடுத்தா என்ன ஆகும்னும் தெரிஞ்சுச்சு. எத்தனை வருஷம் உங்க இயக்குநரா இந்த மேசையில உட்கார்ந்திருக்கேன், எனக்குத் தெரியாதா?"

"ஏன் சொல்லல?"

"ஒரு எழுத்தை மாத்தக் கூடாதுன்னு நீதானே சொன்ன."

"அது காரணம் இல்ல" என்றாள் மேடம். சுற்றி வளைக்க அவளுக்குத் தெரியாது.

"இல்லதான்." அவர் விரலைத் தேய்ப்பதை நிறுத்தினார். பிறகு மேசையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "இருபத்திரண்டு வருஷமா காலையில நான் நானா ஒரு ரொட்டி சாப்பிட்டதில்லம்மா. நீ வேணாம்னு சொன்னப்புறமும் எந்திரிக்கும்போதே இன்னிக்கு யாரா இருக்கணும்னுதான் முதல் நினைப்பு. உன்னை அந்த வேலையிலேருந்து எடுத்துட்டாங்கன்னா இது அடியோட நின்னுடும்னு தோணிச்சு. ஒரு நிமிஷம்தான் தோணிச்சு. அந்த நிமிஷத்துல பேப்பரை இருந்த இடத்துலயே வச்சுட்டு வந்துட்டேன்."

மேடம் அவர் முகத்தைப் பார்த்தாள். வேண்டுமென்றே பார்த்தாள், கண்ணை நேராக. கோபம் எப்படி இருக்கும், வெட்கம் எப்படி இருக்கும், மன்னிப்புக் கேட்பவன் வாய் எப்படி இருக்கும் என்று ஒவ்வொன்றாக அவளுக்குக் காட்டிக் கொடுத்த முகம் அது. இப்போது அதில் என்ன இருக்கிறது என்று அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. இந்த மனுஷனிடம் கோபப்பட வேண்டுமா, இத்தனை வருஷம் இவரைச் சாப்பிட விடாமல் வைத்திருந்ததற்கு இவர் காலைப் பிடித்து அழ வேண்டுமா, ரெண்டுமேயா, அதுவும் தெரியவில்லை. கேட்க அவளுக்கு உலகத்தில் ஒரே ஆள்தான்.

"இதுக்கு நான் என்னங்க சொல்லணும்?" என்று அவரையே கேட்டாள்.

"தெரியல" என்றார்.

இருபத்திரண்டு வருஷத்தில் அவர் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. வழக்கம்போல இன்னொரு வாக்கியம் வரும் என்று மேடம் காத்திருந்தாள். நான் இதை எழுதி முடிக்கிற வரைக்கும் வரவில்லை.